காணாத இடத்து நேர்மை

முட்டுக்கட்டை என்னும் சொல்லைத் தமிழர் இன்று வசையாகவே வழங்குகின்றனர். நற்செயல் ஒன்றைத் தடுப்பவனை 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்கிறோம். அச்சொல் பிறந்த இடத்திற்குச் சென்று பார்ப்போமாயின் அதன் பெருமை விளங்கும். தேர் ஓடும் நாளில் ஆயிரம் கைகள் வடம் பிடிக்கும்; ஊரார் கண்களெல்லாம் தேரின் உச்சியை நோக்கியிருக்கும். சக்கரத்தின் அருகே, எவரும் பாராத தாழ்ந்த இடத்தில், கையில் மரக்கட்டையுடன் சிலர் குனிந்து நடப்பர். தேரின் வேகம் மிகும்போதும், தெருமுனையில் திரும்பும்போதும், நிலைக்கு வரும்போதும் அக்கட்டையைச் சக்கரத்தின் அடியிற் கொடுப்பவர் அவர்களே. வடம் பிடிப்போர் களைத்தால் தேர் நின்றுவிடும், அவ்வளவுதான். கட்டை போடுவோர் கைதவறினால் ஓர் உயிர் போகும். ஓடச் செய்பவரினும் நிற்கச் செய்பவரிடத்தே உயிர்ப்பொறுப்பு மிகுதி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

திருவாரூர் ஆழித்தேர் தமிழகத்துத் தேர்களுள் பெரிதெனப் புகழ்பெற்றது. திருச்சியிலுள்ள பெல் நிறுவனத்தார் அதற்கு இரும்புச் சக்கரங்களும், நீர்ம அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கும் அமைத்துக் கொடுத்தனர். அதே திருவாரூரில்தான், அரசிளங்குமரன் ஊர்ந்த தேர்க்காலில் ஆன்கன்று ஒன்று சிக்கி மாண்டதென்றும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்ததென்றும் மனுநீதிச் சோழன் வரலாறு கூறுகிறது. 'இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. கன்று தானே குறுக்கே பாய்ந்தது' என்று அமைச்சர்கள் சொல்லியும் அம்மன்னன் அதனை ஏற்கவில்லை. ஓடுகின்ற பொருளை உலகத்தார் நடுவே செலுத்துபவன், அதனை நிறுத்தும் பொறுப்பையும் உடன் ஏற்கிறான் என்பதே அக்கதையின் உட்பொருள் எனலாம்.

இக்கட்டுரை ஒரு பழைய காரின் பிரேக்கைப் பற்றியது. தமிழாசிரியரும் மாணவரும் படிக்கும் நூலில் இதற்கென்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். பழைய காரின் பிரேக்கைச் சீர்செய்தல் முற்றிலும் மறைவிடத்தில் நிகழும் வேலை. செய்தவனுக்கு மட்டுமே அதன் மெய்யும் பொய்யும் தெரியும். நம்பிச் செல்பவனுக்கு ஒன்றும் தெரியாது. எனவே அறநூலார் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று இங்கே எண்ணெய்ப் பிசுக்குடன் எழுந்து நிற்கிறது: எவரும் காணாத இடத்தில் ஒருவன் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும்?

மிதியும் சக்கரமும்

கேள்விக்குப் போகுமுன் பொருளை அறிந்துகொள்வோம். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் ஓர் உண்மையை நிறுவினார். மூடிய கலத்துள் அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம், குறையாமல் எல்லாப் பக்கமும் சென்று சேரும் என்பதே அது. இவ்வுண்மையைக் காரின் பிரேக்குக்குப் பயன்படுத்தி 1917இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். 1921 அளவில் டூசன்பர்க் என்னும் அமெரிக்கக் காரில் இம்முறை இடம்பெற்றது. பின்னர் உலகெங்கும் பரவியது.

1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மோரிஸ் மைனர் காரை மலேசியர் நன்கறிவர். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பழங்கார்ப் பற்றாளர் சிலர் இன்றும் அதனைப் பேணி வருகின்றனர். அதன் நான்கு சக்கரங்களிலும் டிரம் வகைப் பிரேக்கே உண்டு. ஓட்டுநர் மிதியை அழுத்துகிறார். மிதி, பட்டறைகளில் 'மாஸ்டர் பம்பு' எனப்படும் தலைமை உருளையிலுள்ள உந்தினைத் தள்ளுகிறது. அழுத்தம் மெல்லிய உலோகக் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் பாய்கிறது. ஆங்கே சிறிய சக்கரப் பம்புகள் விரிந்து, பிரேக் சூ எனப்படும் பிறை வடிவத் தகடுகளைச் சுழலும் டிரம்மின் உட்புறத்தோடு நெருக்குகின்றன. உராய்வு வெப்பமாகிறது, வேகம் அடங்குகிறது.

அக்காரின் மாஸ்டர் பம்பு ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டின் கீழே அமைந்துள்ளது. விரிப்பை நீக்கி, தரையிலுள்ள சிறு மூடியைத் திறந்தால்தான் எண்ணெய் ஊற்றும் வாய் தெரியும். நாள்தோறும் காலை ஊன்றும் இடத்தின் கீழேயே உயிர்காக்கும் பொருள் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒருவரும் அதனைப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. அக்காலக் கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த்தொடர்தான். எங்கேனும் ஓரிடத்தில் குழாய் வெடித்தால் மிதி தரையைத் தொடும். நான்கு சக்கரமும் ஒருங்கே கைவிடும். கையால் இழுக்கும் பிரேக் மட்டுமே எஞ்சும். பின்னாளில் இக்குறை உணரப்பட்டு, தொடர் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 1966இல் வந்த வால்வோ 144 காரில் ஒவ்வொரு தொடரும் முன்சக்கரம் இரண்டையும் பின்சக்கரம் ஒன்றையும் இயக்கும்படி வகுத்தனர். ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும்.

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் ஆகிய இடங்களில் இரயில்வேக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழர் பலர். அவர்கள் வேறொரு வகைப் பிரேக்கை அறிந்திருந்தனர். 1889 சூன் 12ஆம் நாள் அயர்லாந்தின் ஆர்மா என்னுமிடத்தில் ஓர் இரயிலின் பிரிந்த பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு, பின்னே வந்த இரயிலின்மேல் மோதி, 80 பேர் அளவில் மாண்டனர். அவர்களுள் சிறுவர் பலர். அவ்வாண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பயணிகள் இரயில்களுக்குத் தானியங்குப் பிரேக்கைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. அவ்வகைப் பிரேக்கில் குழாய் அறுந்தால் வண்டி தானே நிற்கும். அதாவது, கருவி கெட்டாலும் நன்மையின் பக்கமே கெடும்.

காரின் நீர்மப் பிரேக் அத்தகையதன்று. அது கெட்டால் தீமையின் பக்கமே கெடும். இரயிலில் கருவியின் அமைப்பு ஏற்றுக்கொண்ட பொறுப்பைக் காரில் மனிதன் ஏற்க வேண்டியிருக்கிறது. அறம் நுழையும் வாயில் இதுவே.

காற்றை வெளியேற்றல்

நீர்மத்தை அமுக்கிச் சுருக்குதல் ஏறத்தாழ இயலாது. காற்றை எளிதில் சுருக்கலாம். பிரேக்கின் ஆற்றல் முழுவதும் இவ்வொரு வேறுபாட்டில் நிற்கிறது. குழாயினுள் சிறு காற்றுக் குமிழி புகுந்தாலும், காலின் விசை சக்கரத்திற்குப் போகாமல் அக்குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிறது. மிதி பஞ்சுபோல் அமிழ்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்குக் குழாயும் பழையபடியே; எண்ணெயும் பழைய அளவே; காரும் பழைய அழகே.

காற்று எப்படிப் புகுகிறது? பம்பின் இரப்பர் தேய்ந்தால் புகும். எண்ணெய் குறைந்தால் புகும். பழுது பார்க்கக் குழாயைக் கழற்றினாலும் புகும். மற்றொரு வழியும் உண்டு. பிரேக் எண்ணெய் என்று நாம் வழங்கினாலும் அது மெய்யான எண்ணெயன்று. பெரும்பாலான கார்களில் ஊற்றப்படுவது கிளைக்கால் வகையைச் சேர்ந்த நீர்மம். அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. 'டாட் 3' என்னும் வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியசு வரை கொதிக்கலாகாது என்பது விதி. 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் அவ்வெல்லை 140 பாகையாகத் தாழ்கிறது. நம் நாட்டிலோ ஆண்டு முழுதும் காற்றில் ஈரம் மிகுதி. மலையிறக்கத்தில் பிரேக்கை இடைவிடாது மிதிக்கும்போது சக்கரப் பம்பு சூடேறி, கலந்த நீர் கொதித்து ஆவியாகிறது. ஆவியும் காற்றைப்போலவே சுருங்கும். கிள்ளான் சாலையின் சமவெளியில் பல மாதம் நன்றாக உழைத்த பிரேக், கெந்திங் மலைச்சரிவில் ஒரு நொடியில் இல்லாமற் போவது இதனால்தான்.

காற்றை நீக்கும் வேலையை மலாய் மொழியில் 'புவாங் அங்கின்' என்பர். காற்றை எறிதல் என்பது பொருள். இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்வார். மற்றவர் சக்கரத்தின் பின்னே படுத்திருப்பார். வலப்புறம் ஓட்டும் நம் நாட்டுக் கார்களில் பெரும்பாலும் மாஸ்டர் பம்புக்கு மிகத் தொலைவிலுள்ள இடப்புறப் பின்சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். அங்குள்ள நிப்பிள் என்னும் துளைத்திருகில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது பிரேக் எண்ணெய் உள்ள புட்டியில் அமிழ்த்துவர். கீழே படுத்திருப்பவர் 'அமுக்கு' என்பார். மேலிருப்பவர் மிதியை அமுக்குவார். 'பிடி' என்றதும் காலை எடாமல் பிடிப்பார். உடனே நிப்பிள் திறக்கப்படும். எண்ணெயும் காற்றும் கலந்து குமிழி குமிழியாக வெளிவரும். நிப்பிளை மூடிய பின்னரே 'விடு' என்ற சொல் எழும். மூடுமுன் கால் எடுக்கப்பட்டால், வெளியேறிய காற்றே மீண்டும் உள்ளே உறிஞ்சப்படும்.

இவ்விருவரும் ஒருவரையொருவர் காணமாட்டார். இடையில் இருப்பது குரல் மட்டுமே. 'பிடித்திருக்கிறேன்' என்று மேலிருப்பவர் சொன்னால் அவர் மெய்யாகவே பிடித்திருக்க வேண்டும். 'மூடிவிட்டேன்' என்று கீழிருப்பவர் சொன்னால் மெய்யாகவே மூடியிருக்க வேண்டும். வாய்மை என்பது மேடையில் விளக்கப்படும் பெரும்பொருளாக நமக்குத் தோன்றுகிறது. இங்கே அது மூன்று சொற்களில் அடங்கிக் கிடக்கிறது. சொல்லும் செயலும் ஒருகணம் பிரிந்தால் அந்த இடைவெளியிற் காற்று புகுந்துவிடுகிறது.

குமிழி நிற்கும்வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்தல் வேண்டும், பிறகு அடுத்த சக்கரம், அதன்பின் அடுத்தது. இடையிடையே மேலே எண்ணெய் குறையாமல் ஊற்றல் வேண்டும். மறந்தால் செய்த வேலையெல்லாம் வீண். புட்டியில் சேர்ந்த அழுக்கெண்ணெயை மீண்டும் ஊற்றலாகாது. நான்காம் சக்கரத்தை அடைவதற்குள் மாலையாகிவிடும். கை சலிக்கும். 'மூன்று சக்கரம் போதாதா?' என்று மனம் கேட்கும். முழுமைக்கும் குறைக்கும் உள்ள வேறுபாட்டை அந்நேரத்தில் அறிபவர் அவ்விருவரே.

மூன்று நோய்கள்

பிரேக் சரியில்லை என்றவுடன் காற்றை நீக்கத் தொடங்குவதும் பேதைமை. மிதி பஞ்சுபோல் நெகிழ்ந்தால் உள்ளே காற்று இருக்கக்கூடும். மிதி உறுதியாக இருந்தும் மிகத் தாழ்ந்தே பிடித்தால், சூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி மிகுந்திருக்கலாம்; அதனைத் திருகிச் சரிசெய்தல் வேண்டும். காலை அழுத்தி வைத்திருக்கையில் மிதி மெல்ல மெல்ல இறங்கினால், எங்கோ கசிகிறது அல்லது மாஸ்டர் பம்பின் இரப்பர் தேய்ந்துள்ளது என்று கொள்ளலாம். மூன்றும் ஓட்டுநருக்கு 'பிரேக் பிடிக்கவில்லை' என்னும் ஒரே சொல்லாகத் தோன்றும். மருந்து மூன்றுக்கும் வேறு. நோயின் முதலை அறிந்த பின்னரே மருத்துவம் என்பது வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்த நெறி. அந்நெறி பட்டறைக்கும் பொருந்தும்.

நோயை மறைக்கும் வழியொன்றும் உண்டு. பஞ்சுபோன்ற மிதியை இரண்டு மூன்று முறை விரைந்து அமுக்கினால் அது சற்றே உறுதியாகும். ஓட்டுநர் நாளடைவில் இதற்குப் பழகிவிடுவார். 'என் காருக்கு இரண்டு முறை மிதிக்க வேண்டும். அதன் குணம் அது' என்பார். குறையைக் குணமெனப் பெயர் மாற்றி வாழ்வது மனித இயல்பு. குடும்பத்திலும் கழகத்திலும் இவ்வாறு நாம் பெயர் மாற்றிய குறைகள் எத்தனை! முன்னறிவிப்போடு வரும் வளைவுகளில் இரண்டு முறை மிதிக்க நேரம் கிடைக்கும். பந்தைத் துரத்திக்கொண்டு தெருவில் பாயும் குழந்தை ஒரு முறைக்கே நேரம் தரும்.

புதுப்பித்தல் என்பது காற்றை நீக்குவதோடு முடிவதன்று. பம்பைப் பிரித்து, உட்சுவரில் துருக்குழி உண்டா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இருப்பின் புதிய இரப்பரும் விரைவில் கிழியும். வெளியே நன்றாகத் தோன்றும் இரப்பர்க் குழாய் உள்ளே வீங்கி வழியடைத்திருக்கக்கூடும். இயந்திர எண்ணெயைத் தவறுதலாக ஊற்றினால் பிரேக்கின் இரப்பர்கள் உப்பிப் பாழாகும். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தமையால், டிரம்மினுள் படிந்த தூசியை ஊதிப் பறக்கவிடுதல் வேலைசெய்பவரின் நுரையீரலுக்கே தீங்கு. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை. பிறர் உயிரைக் காக்கும் தொழிலில் தன் உயிரைக் காப்பதும் அடங்கும்.

எவரும் காணாவிடில்?

இனி நம் கேள்விக்கு வருவோம். கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில் ஒரு மோதிரக் கதையைக் கூறுகிறார். கைஜீஸ் என்பவன் கதையில் வரும் அம்மோதிரத்தை அணிந்து திருப்பினால், அணிந்தவன் பிறர் கண்ணுக்குத் தெரியான். அத்தகைய மோதிரம் கிடைத்தால் எவன் நேர்மையாக இருப்பான் என்பது அங்கே எழுப்பப்படும் வினா. மோதிரத்தைத் தேடி நாம் அலைய வேண்டுவதில்லை. டிரம்மை மூடிச் சக்கரத்தை மாட்டியவுடன் தொழிலாளிக்கு அம்மோதிரம் கிடைத்துவிடுகிறது.

'சட்டம் இருக்கிறதே, சோதனை இருக்கிறதே' எனலாம். நம் நாட்டில் 1994இல் புஸ்பகோம் நிறுவப்பட்டது. பேருந்தும் சுமையுந்தும் குறித்த காலந்தோறும் சோதனைக்கு உட்பட வேண்டும். சொந்தக் கார்களுக்குப் பொதுவாக அவ்வாறு ஆண்டுச் சோதனை இல்லை, கைமாறும்போதுதான் சோதனை. அச்சோதனையும் அன்றைய நிலையைத்தான் அளக்கும். சுழலும் உருளைகளின்மேல் சில நொடிகள் நிற்கும் கார், தன் எண்ணெயில் கலந்த ஈரத்தை அங்கே காட்டிக்கொடுப்பதில்லை. தேர்வில் தேறியவன் வாழ்வில் தேறினான் என்று உறுதி கூறமுடியாமை ஆசிரியர் அனைவரும் அறிந்ததே.

'விபத்து நேருமே என்னும் அச்சம் போதாதா?' என்பது அடுத்த விடை. 2013 ஆகஸ்டு 21ஆம் நாள் கெந்திங் மலைப்பாதையில் பேருந்து ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 37 பேர் மாண்டனர். 2025 சூன் 9ஆம் நாள் கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில், தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பிக்கொண்டிருந்த மாணவர் 15 பேர் பேருந்து கவிழ்ந்து உயிரிழந்தனர். ஆசிரியப் பணிக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் பழம்பெரும் நிறுவனம் அது. இந்நூலைப் படிக்கும் பலர்க்கு அச்செய்தி தம் வீட்டுச் செய்தியாகவே இருந்திருக்கும். பேருந்தின் பிரேக் அமைப்பு காரினதைப் போன்றதன்று. இத்துயரங்களின் காரணங்களும் பல. எனினும், ஓடுவதைக் குறித்த நேரத்தில் நிறுத்த இயலாமற் போனால் என்ன நேரும் என்பதை இவை நம் கண்முன் நிறுத்துகின்றன.

அச்சம் நல்ல காவலாளிதான். ஆயினும் அறத்திற்கு அடித்தளம் ஆகாது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். இரு தொழிலாளர் உளர் என்று கொள்வோம். இருவரும் மூன்று சக்கரங்களிலேயே காற்றை நீக்கி, 'நான்கும் முடிந்தன' என்று சொல்லிக் கூலி பெறுகின்றனர். முதலாமவன் சீர்செய்த கார் மறுவாரமே பழைய இரும்புக்கு விற்கப்படுகிறது; எவருக்கும் தீங்கில்லை. இரண்டாமவன் சீர்செய்த கார் ஒரு குழந்தையின்மேல் ஏறிவிடுகிறது. உலகம் இரண்டாமவனைக் கொலைகாரன் என்னும். முதலாமவனை ஒன்றும் சொல்லாது. எனினும் இருவர் செய்கையிலும் என்ன வேறுபாடு? ஒரே சோம்பல், ஒரே பொய், ஒரே கூலி. வேறுபட்டது சாலையே தவிர மனம் அன்று. விளைவை மட்டும் பார்த்து அறத்தை அளப்போமாயின், நற்பேறு பெற்ற பொய்யனை நல்லவன் என்று போற்ற நேரும்.

அப்படியாயின் குற்றம் எங்கே நிகழ்ந்தது? 'முடிந்தது' என்ற சொல் வாயினின்று வெளிவந்தபோதே நிகழ்ந்தது. காரைக் கொண்டுவந்தவர் பணத்தை மட்டும் தரவில்லை. தம்மால் சரிபார்க்க இயலாத ஒன்றைப் பற்றிய தம் நம்பிக்கையையும் கொடுத்தார். அந்நம்பிக்கையை வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாக ஒன்றும் கொடாமையே திருட்டு. செருமானிய மெய்யியலறிஞர் காண்ட் 1785இல் வெளியிட்ட நூலில், விவரமறியாச் சிறுவனுக்கும் சரியான விலையில் விற்கும் கடைக்காரனைப் பற்றி எழுதுகிறார். வணிகம் தழைக்க வேண்டும் என்பதற்காக அவன் அவ்வாறு நடந்தால் அது நன்மையே. ஆயினும் அறமாகாது என்பது அவர் முடிபு. கண்காணிப்பில்லாத நான்காம் சக்கரமே அறத்தின் உரைகல்.

செய்ததும் செய்யாததும்

இவ்விடத்து நேர்மையான மறுப்பொன்று உண்டு. பழைய கார் வைத்திருப்போரெல்லாம் செல்வர் அல்லர். மாதக் கடைசியில் வந்து, 'ஐயா, இப்போதைக்கு ஓடினால் போதும்' என்பவரிடம், பம்பும் குழாயும் இரப்பரும் புதிதாக மாற்ற வேண்டும் என்றால் அவர் எங்கே போவார்? முழுமையை வற்புறுத்தும் அறம் ஏழைக்குக் கொடுமையாகாதா? இம்மறுப்பைத் தள்ளிவிட முடியாது.

இதற்கு விடையாக ஒன்று சொல்லலாம். முழுமையாகச் செய்ய முடியாத நிலை எவர்க்கும் வரும், அது குற்றமாகாது. செய்யாததைச் செய்ததாகக் காட்டுவதே குற்றம். 'முன்சக்கரங்களைச் சீர்செய்தேன், பின்சக்கரப் பம்பு இன்னும் கசிகிறது, அதனை மாற்றும்வரை காரை எடாதீர்' என்று சொல்லும் தொழிலாளி, குறைந்த வேலை செய்தும் நேர்மையாளனே. எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஒரு குமிழியை மறைப்பவன், நிறைந்த வேலை செய்தும் பொய்யனே. செய்ததைச் சொல், செய்யாததையும் சொல். மறைவிடத்து வேலைக்கு இதனினும் சிறந்த விதி எனக்குத் தோன்றவில்லை. உரிமையாளர்க்கும் இதில் பங்குண்டு. மலிவாகவும் வேண்டும், விரைவாகவும் வேண்டும், உண்மையைக் கேட்கவும் மனமில்லை என்பவர், தமக்குச் சொல்லப்படும் பொய்யைத் தாமே விலைபேசி வாங்குகிறார். பிரேக்கில் ஒரு கீழெல்லையும் உண்டு. அதற்குக் கீழே போனால் 'இக்காரை வெளியே விடமாட்டேன்' என்று மறுக்கும் துணிவு தொழிலாளிக்கு வேண்டும். சாலையில் நடப்போர் இப்பேரத்தில் கலந்துகொள்ளவில்லை. ஆயினும் தம் உயிரை அதில் ஈடாக வைத்திருக்கின்றனர். அவர்கள் சார்பில் பேசுவதற்கு அவ்வேளையில் அத்தொழிலாளியையன்றி வேறொருவர் இல்லை.

வகுப்பறையின் காற்று

ஆசிரியத் தொழிலும் பிரேக் வேலையைப் போன்று மறைவிடத்து வேலையே. முதலாண்டில் நெடிலையும் குறிலையும் பிரித்தறியாத குழந்தை, நண்பர்களோடு சேர்ந்து உரக்க ஒப்பிக்கையில் எல்லாம் அறிந்ததுபோலவே தோன்றும். ஆண்டிறுதியில் அது இரண்டாம் ஆண்டுக்குப் போகும். அங்கிருந்து மூன்றாம் ஆண்டுக்கும் போகும். உள்ளே ஒரு குமிழி இருப்பதை எவரும் காண்பதில்லை. சமவெளியில் அக்குழந்தை நன்றாகவே ஓடும். தமிழ்ப்பள்ளியின் ஆறாண்டு முடிந்து, இடைநிலைப்பள்ளியில் வேற்று மொழியில் பாடம் கேட்கும் ஏற்ற இறக்கம் வரும்போது மிதி தரையைத் தொடும். அன்று அவனைப் பார்க்க முதலாண்டு ஆசிரியர் அங்கிருக்கமாட்டார். தம் வேலையின் முடிவு அவர்க்குத் தெரியவும் வராது.

ஐம்பது பேரையும் ஒரே ஆண்டில் முழுமையாக்க எந்த ஆசிரியராலும் இயலாது. அதனை எவரும் கேட்கவில்லை. கேட்பது அதே சிறிய விதிதான். 'இவனுக்கு உயிர்மெய் வரிசையில் இன்னும் தடுமாற்றம் உண்டு. இவளுக்குக் கழித்தல் பிடிபடவில்லை' என்று அடுத்த ஆண்டு ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்தல் வேண்டும். அக்குறிப்பு எந்த மேலதிகாரியின் பார்வைக்கும் போகாது. எந்த விருதையும் பெற்றுத்தராது. எனினும் அது இருந்தால், அடுத்தவர் சரியான சக்கரத்தில் தொடங்குவார். குமிழிகளையெல்லாம் மூடி, பதிவேட்டில் எல்லாரையும் தேர்ச்சி என்று எழுதிவிடுவதில் ஒரு தற்காலிக அமைதி உண்டு. அவ்வமைதிக்கு விலை கொடுப்பவன் பிற்பாடு வரும் மாணவனே.

மாணவர்க்கும் ஒரு சொல். வள்ளுவர் அடக்கமுடைமைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அடக்கத்தைப் பலர் வலிமையின் எதிர்ச்சொல்லாக எண்ணுகின்றனர். விரைவாகச் செல்பவனுக்கு அடக்கம் ஒரு முட்டுக்கட்டை என்பர். நம்பத்தக்க பிரேக் இருப்பதால்தான் ஒருவர் துணிந்து விரைவாகச் செல்ல முடிகிறது. பிரேக் இல்லாத காரைக் கொண்டு எவரும் தெருமுனைக்கும் போகத் துணியார். தன்னை நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவனிடமே உலகம் பெரிய வேகங்களை ஒப்படைக்கிறது. அவ்வடக்கமும் பிரேக்கைப் போன்றே மறைவிடத்தில் உருவாகிறது. தேர்வு மண்டபத்தில் கண்காணிப்பாளர் திரும்பி நிற்கும் ஒரு நிமிடத்திலும், வீட்டுப்பாடத்தின் கடைசிக் கணக்கை விட்டுவிடத் தோன்றும் இரவிலும், 'படித்துவிட்டேன்' என்று தாயிடம் சொல்லும் வாயிலும் அது ஆகிறது அல்லது அழிகிறது.

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே நாள்தோறும் எண்ணற்ற ஊர்திகள் ஓடுகின்றன. சிவப்பு விளக்கு எரிந்தவுடன் அவை நிற்கின்றன. மக்கள் தலைநிமிராமல் சாலையைக் கடக்கின்றனர். கடப்பவர் எவரும் நிற்கும் காரின் அடியில் குனிந்து பார்ப்பதில்லை. முகமறியாத ஒருவர் எங்கோ ஒரு பட்டறையில் நான்காம் சக்கரத்தையும் முடித்துவிட்டே எழுந்தார் என்னும் நம்பிக்கையில் அவர்கள் நடக்கின்றனர். சமுதாயம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இத்தகைய நம்பிக்கைகளின் கூட்டமே. அந்நம்பிக்கையைப் பொய்யாக்காமல் வாழ்வதற்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை. குமிழி நிற்கும்வரை கையை எடாதிருத்தலும், எடுக்க நேர்ந்தால் அதனை வாய்திறந்து சொல்லுதலும் போதும்.